படத்துல பாக்குற மலேசியா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு விஷயம் கேட்டிருந்தேன், வெளிநாட்டுக்காரங்க நம்ம நாட்ட எந்தப் படத்த வச்சு தெரிஞ்சு வச்சிருக்காங்க, உங்களுக்கு நடந்தத எழுதுங்கன்னு. வாட்ஸ்அப்லயும் ஈமெயில்லயும் அவ்வளவு வந்திருக்கு, ஈப்போ ஐயா ஒருத்தர் கையால நாலு பக்கம் எழுதி தபால்லயே போட்டிருக்காரு. அதனால சமையல், விசா, பிள்ளைங்க படிப்பு கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டு இந்தத் தடவ முழுக்க சினிமா தான். பேரு போட வேணாம்னு நெறைய பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர மட்டும் போட்டிருக்கேன்.

கிள்ளான் வாசகி: அக்கா, போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மதுரை பக்கம் போயிருந்தோம். அங்க ஒரு சொந்தக்காரப் பையன் என் வீட்டுக்காரர்கிட்ட, "மாமா, உங்க ஊர்ல நம்மாளுங்க எல்லாருமே கேங்ஸ்டராமே, கபாலியில பாத்தேன்"னு கேட்டுட்டான். இவரு லோரி ஓட்டுறவரு, முகமே மாறிப் போச்சு. இந்த மாதிரி கேட்டா என்ன தான் சொல்றது?

மனசு கஷ்டமா தான் இருக்கும்மா. ஆனா அந்தப் பையன திட்டி பிரயோஜனம் இல்ல, அவன் கண்ணுக்குப் போய் சேந்த மலேசியா அவ்வளவு தான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, 2007-ல பில்லா, கிட்டத்தட்ட முழுப் படமும் இங்க தான், கதை நிழல் உலகம். 2008-ல குருவி, ஹீரோ இங்க வந்து ஒரு தாதாகிட்ட மோதுறாரு. 2009-ல அயன், கடத்தல் கதை, அதுலயும் நம்ம ஊரு வருது. சென்னையிலேர்ந்து நாலு மணி நேர பிளைட், பளபளன்னு ஹைவே, ரெட்டைக் கோபுரம், எங்க திரும்புனாலும் தமிழ் பேசுற டிரைவரு, ஷூட்டிங் முடிஞ்சா சாப்பிட தோசை, இதெல்லாம் ஒரே எடத்துல கெடச்சா எந்தத் தயாரிப்பாளர் விடுவாரு. ஆனா அவங்க வந்து எடுத்துட்டுப் போனது ரோட்டையும் கோபுரத்தையும் மட்டும் தான், அந்த ரோட்டுல போற ஆளுங்கள இல்ல.

2016-ல வந்த கபாலிய நான் இந்த வரிசையில சேக்க மாட்டேன், இத கொஞ்சம் அழுத்தி சொல்லணும்னு தோணுது. பா. ரஞ்சித் தோட்டத்த காட்டினாரு, கூலி கேட்டு போராடுன நம்ம முன்னவங்கள காட்டினாரு, அடிச்சிக்கிட்டு திரியுற பசங்கள திருத்தி படிக்க வைக்கிற ஒரு பள்ளிக்கூடத்த காட்டினாரு. ரஜினி மாதிரி ஒரு நட்சத்திரம் படத்துல ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி கதை வந்தது எவ்வளவு பெரிய விஷயம். ஆனா அந்தப் பையன் மனசுல நின்னது கோட்டும் துப்பாக்கியும் தான், ஏன்னா அதுக்கு முன்னாடி பத்து வருஷமா அவன் பாத்ததும் அதே துப்பாக்கி தான், புதுசா பாத்த தோட்டம் அந்தப் பழைய படத்துக்கு அடியில மறைஞ்சு போயிடுச்சு.

அதுக்காக எல்லாமே பொய்னும் சொல்லிட முடியாதும்மா. 2013-ல நம்ம உள்துறை அமைச்சே 49 குண்டர் கும்பல் பேர வெளியிட்டுச்சு, அதுல இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தியர்னு கணக்கும் சொன்னாங்க. அந்தப் பசங்க வானத்துலேர்ந்து குதிக்கல. 80, 90-கள்ல தோட்டத்த வித்து வீடமைப்பும் கோல்ஃப் திடலும் ஆக்குனப்ப, தோட்டத் தொழிலாளருக்கான லயத்து வீட்டுல பொறந்து வளந்த குடும்பங்கள் ரப்பர் பால் வெட்டுறத தவிர வேற தொழில் தெரியாம டவுனுக்கு ஓரத்துல புறம்போக்கு வீட்டுல வந்து விழுந்தாங்க, கோயிலும் பள்ளிக்கூடமும் சொந்தக்காரங்களும் பின்னாடியே நின்னு போச்சு, பசங்களுக்கு அடுத்த கை எது கெடச்சுதோ அத புடிச்சுக்கிட்டாங்க. ஒரு படம் இத காட்டிட்டு அப்புறம் கத்திய காட்டுச்சுன்னா எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல. இத விட்டுட்டு கத்திய மட்டும் காட்டுனா தான் கோவம் வருது.

அடுத்த தடவ அந்தப் பையன் ஃபோன் பண்ணா உங்க வீட்டுக்காரரையே பேச சொல்லுங்க. காலையில எத்தன மணிக்கு கிளம்புறாரு, போர்ட்டு கிள்ளான்லேர்ந்து சரக்கு ஏத்திக்கிட்டு எங்க வரைக்கும் போறாரு, வழியில எந்தக் கடையில பசியாறுவாருன்னு சொல்லட்டும். அவனுக்கு இதெல்லாம் சொல்ல வேற யாரு இருக்கா.

ஜார்ஜ்டவுன் மாணவி: கிரேஸி ரிச் ஏஷியன்ஸ் படத்துல சிங்கப்பூர்னு காட்டுனதுல பாதி நம்ம ஊராமே? அப்ப ஏன் யாருமே பினாங்கு பேர சொல்ல மாட்டேங்குறாங்க?

ஆமாம்மா. 2018-ல வந்த படம். கடைசியில மாமியாராகப் போறவங்களும் அந்தப் பொண்ணும் ஒக்காந்து மாஜோங் ஆடுற காட்சி நம்ம லெய்த் ஸ்ட்ரீட் நீல மாளிகையில எடுத்தது, சியோங் ஃபாட் ட்ஸே வீடு. அந்தப் பெரிய குடும்பத்து பாட்டி வீடுன்னு காட்டுறது கோலாலம்பூர் கார்கோசா ஸ்ரீ நெகாரா, வெள்ளக்காரன் காலத்துல ஃபிராங்க் சுவெட்டன்ஹாமுக்காக கட்டுன பங்களா, ஓட்டலா இருந்து மூடி சும்மா கெடந்தத ஜோடிச்சு எடுத்தாங்க. அந்த மாமியாரா நடிச்ச மிஷெல் யோவும் நம்ம ஈப்போக்காரங்க தான்.

பினாங்குக்கு இது புதுசு இல்ல. 1992-ல வந்த இண்டோஷின் பிரெஞ்சு படம், ஆஸ்காரே வாங்குச்சு, அதுல நம்ம ஊரு வியட்நாம். 1999 அன்னா அண்ட் தி கிங் படத்துல பேங்காக். 2007 லஸ்ட் காஷன்ல ஹாங்காங். 2015-ல வந்த இண்டியன் சம்மர்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் டிவி தொடர், அதுல சிம்லா! சிம்லாவுல புதுக் கட்டடமும் மழையும் ஜாஸ்தின்னு இங்க வந்து எடுத்தாங்க.

ஏன் எல்லாரும் இங்க வர்றாங்கன்னா, நம்ம பழைய கடைவீடு எல்லாம் இடிக்காம நிக்குது. அது எப்படி நின்னுச்சுன்னு பல பேருக்கு தெரியாது. 1966-ல வாடகைக் கட்டுப்பாட்டு சட்டம் வந்துச்சு, 1948-க்கு முன்னாடி கட்டுன வீட்டுக்கு வாடகைய ஏத்த முடியாது, இருக்குறவங்கள சும்மா வெளியேத்தவும் முடியாது. வீட்டுக்காரங்களுக்கு இடிச்சுக் கட்டி லாபம் இல்லாததால கட்டடம் அப்படியே கெடந்துச்சு, உள்ள தையக்காரர், மசாலா அரைக்கிற கடை, புத்தகக் கடை, பூ கட்டுறவங்க, அஞ்சு தலைமுறையா ஒரே சந்துல இருந்த குடும்பங்கள்னு எல்லாரும் குறைஞ்ச வாடகையில ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. 2000 ஜனவரியில அந்தச் சட்டம் முடிவுக்கு வந்துச்சு. சூலியா ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த எவ்வளவோ நம்ம சனங்க வாடகை கட்ட முடியாம தீவுக்கு அந்தப் பக்கம் பிறை, பட்டர்வொர்த்னு போயிட்டாங்க. அப்புறம் 2008 ஜூலையில யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல ஜார்ஜ்டவுன் சேந்துச்சு. ஆக, உலகமே கேமராவ தூக்கிக்கிட்டு ஓடி வர்ற அந்தச் செவுத்த காப்பாத்தினவங்க உள்ள இருந்த ஏழை பாழைங்க, ஷூட்டிங் நடக்குறப்ப அவங்க அங்க இல்ல. இத நினைக்கிறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியும்.

காசு வருது, அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். இங்க வந்து எடுக்குற படத்துக்கு அவங்க செலவு பண்ணதுல 30 சதவீதம் திருப்பித் தர்ற திட்டம் ஃபினாஸ்னு அரசாங்கத் திரைப்பட அமைப்பு மூலமா 2013-லேர்ந்து இருக்கு, நம்ம பசங்களுக்கு லைட்டு, ஆர்ட், வண்டி, கேட்டரிங்னு வேலை கெடைக்குது. ஆனா பேரு வேற ஊருக்குப் போயிடுது.

இன்னொன்னும் கவனிச்சியாம்மா? அதே கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்ல நம்ம நெறத்துல ஒரு ஆளு வர்றாருன்னா கேட்டுல காவலுக்கு நிப்பாரு, இல்லாட்டி கார் கதவ தொறந்து விடுவாரு. சிங்கப்பூர்லயே இந்தியர், மலாய்க்காரங்க எல்லாம் எங்கடான்னு அப்ப கேள்வி கேட்டாங்க, நியாயமான கேள்வி. நான் ஒரு படத்த பாக்குறப்ப ஒன்னே ஒன்னு தான் பாப்பேன். நம்மாளு ஒருத்தர் வந்தா அவருக்குப் பேரு இருக்கா, வீடுன்னு ஒன்னு இருக்கா, அம்மான்னு யாராச்சும் இருக்காங்களா. ரௌடியா வந்தாலும் பரவால்ல, இந்த மூணும் இருந்தா வெளிநாட்டுக்காரன் அவர ஒரு மனுஷனா ஞாபகம் வச்சுக்குவான்.

சுபாங் ஜெயா வாசகர்: நான் எண்ணெய் கம்பெனியில வேலை செய்றேன். இத்தாலிக்கார எஞ்சினியர் ஒருத்தர் என்ன பாத்ததும் "மலேசியா! சண்டோகான்!"னு கத்தினாரு. யாரு அந்த சண்டோகான்?

சபாவுல சண்டாக்கான்னு கிட்டத்தட்ட அதே பேர்ல ஒரு டவுன் இருக்குன்னாலும் அவரு சொன்னது அத இல்ல, ஒரு கடல் கொள்ளைக்காரன. எமிலியோ சால்காரின்னு ஒரு இத்தாலி எழுத்தாளர் 1800-கள் கடைசியில எழுதுன கதை நாயகன், பட்டமே "மலேசியாவின் புலி". அப்ப மலேசியான்னு ஒரு நாடே கிடையாது, நாம மலேசியா ஆனது 1963-ல. சால்காரி இந்தப் பக்கமே வந்தது இல்ல, லைப்ரரியில ஒக்காந்து வரைபடத்தயும் பயணக் கட்டுரையையும் படிச்சே எழுதுனாரு. 1976-ல அத இத்தாலி டிவியில தொடரா எடுத்தாங்க, ஹீரோ நம்ம இந்தியாக்காரர் கபீர் பேடி, அந்த ஊரே பைத்தியமாயிடுச்சு அவருக்காக. அந்தக் காலத்துல டிவி பாத்த இத்தாலி குழந்தைங்களுக்கு இன்னைக்கும் நாம புலி, காடு, வெள்ளக்காரன எதிர்த்து சண்ட போட்ட இளவரசன். அந்த எஞ்சினியர்கிட்ட சந்தோஷமா பேசுங்க, அவரு உங்கள மரியாதையா தான் பாக்குறாரு.

தைப்பிங், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நம்ம நாட்டை இழிவுபடுத்தும் வெளிநாட்டுப் படங்களை அரசாங்கம் கடுமையாகத் தடை செய்தால்தானே பயம் இருக்கும்?

சார், உங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா தடையால வெளிய இருக்குற பேரு மாறுனதா எனக்கு ஒரு உதாரணம் கூட கெடைக்கல.

நம்மளயே எடுத்துக்குங்க. 2001-ல ஸூலாண்டர்னு ஒரு காமெடிப் படம், அதுல மலேசியப் பிரதமர கொல்ல ஒரு ஃபேஷன் மாடல ஏவுறாங்க. நாம தடை போட்டோம். உலகம் பூரா பாத்தாங்க, நாம பாக்கல. பாக்காததால அதுல என்ன தப்புன்னு பதில் எழுதுறதுக்கும் நம்மகிட்ட ஆளு இல்லாம போச்சு. தாய்லாந்துலயும் இதே கதை தான். அவங்க ராஜா ஒருத்தர பத்தி 1956-ல வந்த தி கிங் அண்ட் ஐ படத்துக்குத் தடை, 1999-ல அதே ராஜா கதைய அன்னா அண்ட் தி கிங்னு எடுக்க வந்தப்ப ஷூட்டிங்குக்கே அனுமதி இல்லைன்னுட்டாங்க, அவங்க நேரா நம்ம பக்கம் வந்து பினாங்கு, ஈப்போ, லங்காவின்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. படமும் வந்துச்சு, ராஜாவும் அவங்க இஷ்டப்படி தான் வந்தாரு.

துருக்கி தான் ரொம்ப பாவம். 1978-ல மிட்நைட் எக்ஸ்பிரஸ்னு ஒரு சிறைப் படம், அதுல துருக்கிக்காரன்னா ஒருத்தன் விடாம கொடுமைக்காரன். அந்த ஒரு படம் அவங்க டூரிசத்தயும் பேரையும் எத்தனையோ வருஷம் படுத்தி எடுத்துச்சு. திரைக்கதை எழுதுன ஆலிவர் ஸ்டோன் 2004-ல அங்கயே போய் மிகைப்படுத்திட்டேன்னு மன்னிப்பு கேட்டாரு. 26 வருஷம் கழிச்சு. அந்தப் படத்துல ஒரே ஒரு துருக்கிக்காரர் நல்ல மனுஷனா, பொண்டாட்டி புள்ளையோட வந்திருந்தா கூட இவ்வளவு சேதம் ஆயிருக்காது.

கஜகஸ்தான் கதை வேற மாதிரி. 2006-ல போரட்னு அவங்க நாட்ட கேலி பண்ற காமெடிப் படம் வந்தப்ப அந்த அரசாங்கம் கொதிச்சுப் போச்சு, கேஸ் போடுவோம்னாங்க, அமெரிக்கப் பத்திரிகையில பக்கம் பக்கமா விளம்பரம் குடுத்தாங்க. வருஷம் போகப் போக அவங்களே நிதானத்துக்கு வந்துட்டாங்க. 2012-ல அவங்க வெளியுறவு அமைச்சர், விசா கேட்டு வர்றவங்க பத்து மடங்கு கூடிட்டாங்க, அந்தப் படத்துக்கு நன்றின்னு சொன்னாரு. 2020-ல அந்தப் படத்துல வர்ற "வெரி நைஸ்" வசனத்தயே டூரிசம் விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. கெட்டிக்காரத்தனம் தான். ஆனா எனக்கு உறுத்துறது வேற. படத்துல கஜகஸ்தான் கிராமம்னு காட்டுனது ருமேனியாவுல இருக்குற குளோட்னு ஒரு ஏழைக் கிராமம். ரோமா சனங்க. என்ன படம்னே தெரியாம சொற்ப காசு வாங்கிட்டு நின்னோம், எங்கள கேவலமா காட்டிட்டாங்கன்னு அழுதாங்க, கோர்ட்டுக்குப் போயும் ஒன்னும் நடக்கல. நாட்டுக்கு அமைச்சர் இருந்தாரு, விளம்பரம் குடுக்க காசு இருந்துச்சு, பேர மீட்டுக்கிட்டாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு யாரு இருந்தா சார்?

ஒரு எடத்துல மட்டும் உங்க கட்சியில நான் நிக்கிறேன். 1999 என்ட்ராப்மென்ட். ரெட்டைக் கோபுரத்த உலகத்துக்கே காட்டுன படம், அப்ப உலகத்துலயே உயரமான கட்டடம், 452 மீட்டர், நடுவுல இருக்குற பாலத்துல சண்டையெல்லாம் வருது. ஆனா மலாக்கா ஆத்தோர குடிசைய எடுத்து கோபுரத்துக்கு கீழ ஒட்டிட்டாங்க, என்னமோ கோபுரம் இருக்குற கேஎல்சிசிக்கு வாசல்லயே அழுக்கு ஆறு ஓடுற மாதிரி. மகாதீர் அப்ப பிரதமர், ரொம்ப கோவப்பட்டாரு. எனக்கும் கோவம் தான், ஏன்னா அது ஊர பத்தி சொன்ன பொய். ஏழ்மைய காட்டலாம், நம்மகிட்ட அது இருக்கு. இல்லாத எடத்துல கொண்டு வந்து வைக்கக் கூடாது.

செந்தூல் வாசகர்: கபாலிக்கு மலேசியாவுல மட்டும் வேற முடிவுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை தான். நம்ம தியேட்டர்ல கடைசியில கபாலி போலீஸ்ல சரணடைஞ்சிட்டாருன்னு எழுத்து போட்டாங்க.

ஜொகூர் பாரு, ஒரு தாய்: எங்க வீட்டுல வேலை செய்ற இந்தோனேசிய அக்கா என் பையன "ராஜு, ராஜு"ன்னு தான் கூப்பிடுறாங்க. அவன் பேரு அது இல்ல. உப்பின் இப்பின்ல வர்ற ராஜுவாம். அவங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாம். இத எப்படி எடுத்துக்கிறது?

சந்தோஷமா எடுத்துக்குங்க! 2007-ல நோன்பு மாசத்துக்காக ஆரம்பிச்ச சின்ன கார்ட்டூன் அது, இன்னைக்கு இந்தோனேசியாவுல அந்த மொட்டைத் தலை ரெட்டையர தெரியாத குழந்தை கெடையாது. அந்தக் கம்பத்துல ராஜு இருக்கான், அவன் மாடு இருக்கு, கடை வச்சிருக்குற அங்கிள் முத்து இருக்காரு, எந்நேரமும் பந்துன்னு மலாய்ச் செய்யுள் பாடுற ஜர்ஜித் இருக்கான், மெய் மெய் இருக்கா. கோடிக்கணக்கான அண்டை நாட்டுப் பிள்ளைங்களுக்கு மலேசிய இந்தியன்னா கூட வெளையாடுற பையன், கடன் சொல்லி சாப்பிட விடுற கடைக்கார அங்கிள். எந்த அமைச்சும் காசு குடுத்து இப்படி ஒரு பேர வாங்கித் தர முடியாது.

எனக்கு ஒரு ஆசை மட்டும் உண்டு. ராஜு வீட்டு அடுப்படிய, சாமி ரூம, அவன் பாட்டிய இன்னும் நெறைய காட்டணும். அந்த ரெட்டையருக்கு இருக்குற ஓப்பா பாட்டி மாதிரி அவனுக்கும் ஒரு ஆளு வேணும்.

ஈப்போ, எழுபது தாண்டிய வாசகர்: என் தகப்பனார் காலத்தில் ராஜ் கபூர் பாட்டை ரஷ்யர்கள் பாடுவார்கள் என்று சொல்வார். இந்தியப் படங்கள் இந்தியாவுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெயரை நாம் ஏன் சம்பாதிக்கவில்லை?

ஐயா, உங்க நாலு பக்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், கையெழுத்து முத்து மாதிரி.

அப்பா சொன்னது நெசம். 1951-ல எடுத்த ஆவாரா 1954-ல சோவியத்துக்குப் போச்சு, கோடிக்கணக்குல சனங்க பாத்தாங்க. அப்புறம் நம்ம முத்து, 1998-ல டோக்கியோவுல மாசக்கணக்கா ஓடுச்சு, ஜப்பான்காரங்க தமிழ்ப் பாட்டுக்கு ஆடுனாங்க. 2017-ல தங்கல் சீனாவுல நூறு கோடி யுவானுக்கு மேல வசூல், சீன அதிபரே மோடிகிட்ட நான் பாத்தேன்னு சொன்னாரு. நாட்டு நாட்டு பாட்டுக்கு 2023-ல ஆஸ்கார், அத எடுத்தது உக்ரைன் அதிபர் மாளிகை முன்னாடி, போர் தொடங்குறதுக்கு சில மாசம் முன்ன.

இதுல ஒரு படத்தயும் வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்னு பயந்து எடுக்கல. ஆவாராவுல தெருவுல திருடுற பையன், தங்கல்ல பொண்ணுங்களுக்கு குஸ்தி கத்துக் குடுக்குற அரியானா கிராமத்து அப்பா. வீட்டுக்குள்ள பேசுற மாதிரியே பேசுனாங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேட்டுச்சு.

நாம சம்பாதிக்கலைன்னு சொல்றத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் ஐயா. மலாய் சினிமாவுக்கு அஸ்திவாரம் போட்டதே இந்தியாவுலேர்ந்து வந்தவங்க. 1934-ல லைலா மஜ்னுன் எடுத்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ், 1956-ல ஹங் துவா எடுத்த பானி மஜும்தார். நம்ம பினாங்குல பொறந்த பி. ரம்லிய 1950-ல பக்தி படத்துல முதல் தடவ கதாநாயகனா நிக்க வச்சவரு டைரக்டர் எல். கிருஷ்ணன், தமிழர். அந்தப் படங்கள் சிங்கப்பூர் ஸ்டூடியோவுல மலாய் நடிகர், சீன முதலாளி, இந்திய டைரக்டர்னு எல்லாரும் சேந்து செஞ்சது. இத நம்ம பிள்ளைங்களுக்கே யாரும் சொல்லிக் குடுக்கல, வெளிநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

பூச்சோங் இளைஞர்: அக்கா, நான் குறும்படம் எடுக்குறேன். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பணும்னு ஆசை. அவங்களுக்குப் புரியணும்னா நம்ம பேச்ச மாத்தி, கொஞ்சம் சென்னைத் தமிழா, இல்ல இங்கிலீஷா வச்சா நல்லதுன்னு நண்பர் சொல்றாரு.

தம்பி, தயவு செஞ்சு அத செய்யாதப்பா. நாம பேசுறது நாம பேசுறது தான், நடுவுல மலாய் வரும், ஹொக்கியன் சீனம் வரும், லா வரும், அது தான் நம்ம அடையாளம். சஞ்சய் குமார் பெருமாளோட ஜகாட் பாத்திருப்ப, 2015. தோட்டத்துலேர்ந்து தூக்கி எறியப்பட்ட குடும்பம், படிக்கிற பையன், மூணு அண்ணன் தம்பி, எல்லாரும் நம்மள மாதிரியே பேசுவாங்க. மேல கிள்ளான் அம்மாவுக்கு நான் சொன்ன கதை அத்தனையும் அதுல ரத்தமும் சதையுமா இருக்கு.

அந்தப் படத்துக்கு 2016 மலேசியத் திரைப்பட விழாவுல என்ன ஆச்சுன்னு உன் வயசுப் பிள்ளைங்க தெரிஞ்சு வச்சுக்கணும். முதல்ல மலாய் அல்லாத படத்துக்கு தனிப் பிரிவுன்னு ஒதுக்குனாங்க. பெரிய எதிர்ப்பு கெளம்புச்சு, முகமட் நோர் காசிம்னு ஒரு மூத்த ஒளிப்பதிவாளர், மலாய்க்காரர், தான் வாங்குன விருதுகளயே திருப்பிக் குடுத்தாரு. அப்புறம் விதிய மாத்துனாங்க, எல்லா மொழிப் படமும் போட்டி போட்டுச்சு, சிறந்த மலேசியப் படம் விருது ஜகாட்டுக்கு. தமிழ் பேசுற படத்த இது மலேசியப் படம்னு இந்த நாடு மேடையில சொன்ன நாள் அது, நான் அன்னைக்கு அழுதுட்டேன்.

அதனால பேச்ச மாத்தாம சப்டைட்டில்ல காச போடு. நல்ல எழுத்தாளர் ஒருத்தர புடிச்சு மலாய்லயும் இங்கிலீஷ்லயும் எழுத வை, கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்ப அப்படியே ஒட்டாத, விழாவுல தேர்வு பண்றவங்க அத படிச்சு தான் உன் படத்த புரிஞ்சுக்குவாங்க. சவுண்டும் முக்கியம், நம்ம பசங்க கேமராவுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி செலவு பண்ணிட்டு மைக்குக்கு கஞ்சத்தனம் பாக்குறாங்க.

பத்து கேவ்ஸ் வாசகி: நாங்க கோயிலுக்கு பக்கத்துலயே இருக்கோம். இவ்வளவு சுற்றுப்பயணிங்க வர்றதுக்கு பில்லா பாட்டு காரணம்னு என் அண்ணன் சொல்றாரு, நான் இல்லைங்குறேன்.

தமிழ்நாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு அண்ணன் சொல்றது சரி. 2006 ஜனவரியில 42.7 மீட்டர் முருகன் சிலை தொறந்தாங்க, அடுத்த வருஷமே அந்தச் சிலை முன்னாடி எடுத்த பில்லா பாட்டு வந்துச்சு, சிலை தமிழ்நாட்டுல வீடு வீடா போயிடுச்சு. ஆனா வெள்ளக்காரங்களும் கொரியாக்காரங்களும் வர்றது 2018 ஆகஸ்ட்ல அந்த 272 படிக்கும் கலர் அடிச்சதுக்கு அப்புறம் தான் ஜாஸ்தி, ஃபோன்ல போட்டோ பாத்துட்டு வர்றாங்க. பாரம்பரிய இலாகா அனுமதி வாங்கலைன்னு அப்ப பிரச்சனையும் ஆச்சு. படியிலயே போட்டோ எடுத்துட்டு மேல சாமிய பாக்காமலே எறங்கிப் போறவங்கள பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும், நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, உங்களுக்கு இன்னும் தெரியும்.

பாயான் லெப்பாஸ் வாசகி: என் மக ஒரு பிரெஞ்சுக்காரர கட்டியிருக்கா. மாப்பிள்ளையும் அவரு அம்மாவும் டிசம்பர்ல முதல் தடவ வர்றாங்க. நம்மள பத்தி ஒரு படம் போட்டுக் காட்டணும்னா எதக் காட்டுறது?

மாப்பிள்ளையோட அம்மா வயசுக்கு அவங்க கண்டிப்பா இண்டோஷின் பாத்திருப்பாங்க, பிரான்ஸ்ல அவ்வளவு பேரெடுத்த படம். முதல் நாளே நீல மாளிகைக்கு கூட்டிட்டுப் போய் இது தான் நீங்க பாத்த வியட்நாம்னு சொல்லுங்க, பேச்சு தானா வந்துடும்.

படம்னு கேட்டா என் மனசுக்கு முதல்ல வர்றது யாஸ்மின் அகமாட் எடுத்த டேலன்டைம், 2009. ஈப்போ பள்ளிக்கூடம் ஒன்னுல பாட்டுப் போட்டி, அதுல காது கேக்காத மகேஷ்னு ஒரு தமிழ்ப் பையன், மேலூர்னு ஒரு முஸ்லிம் பொண்ணு. மகேஷோட அம்மா இழப்புல நொறுங்கிப் போயிருக்குறவங்க, அவங்க கோவத்துலயும் நியாயம் இருக்கு, அந்த அம்மாவ பாத்தா நம்ம தெருவுல ஒருத்தங்க ஞாபகம் வரும். அத எடுத்த யாஸ்மின் அதே வருஷம் ஜூலையில காலமாயிட்டாங்க, படம் மட்டும் நடந்து போய்க்கிட்டே இருக்கு, 2017-ல ஜப்பான் தியேட்டர்ல வெளியாகி அங்க அவ்வளவு பேரு பாத்து அழுதிருக்காங்க. மலாய்க்காரப் பெண் ஒருத்தங்க நம்ம வீட்டுக்குள்ள வந்து, செருப்ப வாசல்ல விட்டுட்டு, ஒக்காந்து பொறுமையா பாத்துட்டு எடுத்த மாதிரி இருக்கும்.

ரெண்டாவது நாள் ஜகாட். மாப்பிள்ளைக்கு கொஞ்சம் கனமா இருக்கும், ஆனா உங்க மக எந்தப் பேச்ச, எந்தக் கதைய கேட்டு வளந்தவன்னு அவருக்குத் தெரிய வேணாமா? ரெண்டுமே இங்கிலீஷ் சப்டைட்டிலோட இருக்கு, பிரெஞ்சு வேணும்னா மகள பக்கத்துல ஒக்காந்து சொல்லச் சொல்லுங்க.